இருபத்தேழு கிழங்கும் பதினெட்டுக் கிழங்கும்

மோட்டுலோவா தீவு
12 மே 1991

எனக்கு ஒரு படி கீழே இருக்கும் அன்பான சதேக்கி மாமாவுக்கு,

இன்னொரு கிழமையை உயிரோடு பார்க்கவிட்ட ஆண்டவனுக்கு நன்றி. அம்மா, அப்பா, தங்கை லேசி, நான், ஆறு பன்றிகள் எல்லோரும் சுகம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? தலைநகரத்தில் நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவனுக்கு முட்டி எதற்கு வலிக்கிறது என்று அம்மா கேட்கிறாள். நான் கேட்கவில்லை, எழுதத்தான் செய்கிறேன்.

"ஒரு படி கீழே" என்றதற்கு முகம் சுளிக்காதே. நீ அம்மாவின் தம்பி. அக்கா மகள் கேட்டால் உடுத்தியிருக்கும் சட்டையைக்கூடக் கழற்றித் தர வேண்டியவன். வழக்கத்தை நான் உண்டாக்கவில்லை, அனுபவிக்கிறேன், அவ்வளவுதான். உன் ரேடியோ இங்கே நன்றாகப் பாடுகிறது.

விடுதியிலிருந்து என்னை அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருப்பாய். காரணத்தைத் திரித்துச் சொல்லியிருப்பார்கள். நான் தலைமை ஆசிரியரை அவமதிக்கவில்லை. ஒரு பன்றிக்கு அவருடைய தொப்பியை மாட்டி, மரியாதைக்காக அவர் உடைக்கு மேல் சுற்றும் இடுப்புப் பாயைக் கட்டிக் காலைக் கூட்டத்துக்கு அனுப்பினேன். பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்றதற்கு நானா பொறுப்பு?

ஆக, அடுத்த வருஷம்வரை எனக்குப் பள்ளி இல்லை. ஊர்ப் பள்ளியின் சின்ன டீச்சருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. கிட்டியோனே வாத்தியார் அம்மாவிடம் வந்தார். "உங்க பொண்ணு சும்மா இருந்தா ஊருக்கு ஆபத்து. மூணாம் வகுப்பை அவ தலையில கட்டிடுறேன்." கட்டிவிட்டார்.

முதல் நாளே அடி வாங்கினேன். பலகையில் 16 என்று எழுதி, அத்தனை சோழி எடுங்கள் என்றேன். நம் பேச்சில் அது 'ஒண்ணு-ஆறு' தானே? ஒரு சோழி எடுத்தார்கள், பிறகு ஆறு எடுத்தார்கள். மொத்தம் ஏழு. வகுப்பு முழுக்க ஏழு! என் தொழிலை என்னிடமே காட்டுகிறார்கள் என்று நினைத்தேன். இல்லை மாமா, உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். எல்லாத் தீவுப் பிள்ளைகளுக்கும் கணக்குப் புத்தகம் எழுதியவன் நீ. சுவரில் உன் படம்கூட மாட்டியிருக்கிறார்கள், மீசையை மட்டும் நான் வரைந்தேன். என்ன செய்யட்டும் சொல்.

உன் தலைக்கு மேல் உள்ள,
ஃபுசி


தலைநகர்
27 மே 1991

மருமகளே, மகாராணியே,

நலம், நலமறிய ஆவல். முட்டி வலிக்கிறது என்றால் உட்கார்ந்ததால்தான் வலிக்கிறது என்று உன் அம்மாவிடம் சொல். பன்றிக் கதை உன் கடிதத்துக்கு முன்பே இங்கே வந்துவிட்டது. அலுவலகத்தில் எல்லோரும் என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கிறார்கள்.

பதறாதே. பலகையை விட்டுவிடு. தென்னங்குச்சி எடு. ஒன்றுக்கு ஒரு வீடு, பத்துக்கு ஒரு வீடு என்று தரையில் கோடு போடு. ஒன்றின் வீட்டில் பத்தாவது குச்சி வந்ததும் கயிற்றால் கட்டி, அந்தக் கட்டைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கழிக்கும்போது குச்சி போதவில்லையா? பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கட்டை வாங்கி அவிழ்க்க வேண்டும். கையால் கட்டி, கையால் அவிழ்க்கட்டும். அதற்குப் பிறகுதான் எழுத்து.

புத்தகத்தை நம்பு. முன்பிருந்த வெள்ளைக்காரப் புத்தகத்தில் திறந்த பக்கமெல்லாம் ஆப்பிள். நம் பிள்ளைகள் ஆப்பிளைக் கண்ணால் கண்டதுண்டா? அத்தனை மரத்தையும் வேரோடு பிடுங்கிவிட்டு வள்ளிக்கிழங்கு நட்டேன். ஏறக்குறைய எல்லாக் கணக்கும் கிழங்கு, தேங்காய், மீன்தான். செய்ததில் எனக்குப் பெருமையான வேலை அது ஒன்றுதான்.

லேசி மறுபடியும் மூன்றாம் வகுப்பிலா? மூன்றாவது வருஷமா? அவளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்.

கட்டுக்கு அடங்கிய,
சதேக்கி


மோட்டுலோவா
9 ஜூன் 1991

குச்சி மாமாவுக்கு,

எல்லோரும் சுகம். அப்பாவுக்கு மட்டும் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. காரணம் கடைசியில்.

உன் குச்சி வைத்தியம் பலித்தது! ஊரில் ஒரு வீட்டிலும் துடைப்பம் இல்லை. "தரையைக் கூட்ட வழியில்லை, பள்ளியில் கூட்டுறாளாம்" என்று பெண்கள் திட்டுகிறார்கள். பெருக்கலும் அதே துடைப்பத்தில்தான் என்று சொல்லியிருக்கிறேன். இப்போது 16 என்றால் ஒரு கட்டும் ஆறு குச்சியும் எடுக்கிறார்கள்.

யார் முதலில் எடுக்கிறாள் தெரியுமா? நம் லேசி. கட்டை அவிழ்த்துக் கழிப்பதில் அவளை யாரும் தொட முடியாது. மக்கு மக்கு என்றார்களே, எங்கே மக்கு?

அந்தச் சந்தோஷத்தோடு கிட்டியோனே வாத்தியாரிடம் போனேன். அவர் போன வருஷத் தேர்வுத் தாளை எடுத்துப் போட்டார். "பாரு உன் மேதையை!"

பார்த்தேன். இருபத்தேழு கிழங்கும் பதினெட்டுக் கிழங்கும் சேர்ந்தால் எத்தனை? லேசியின் விடை: 221.

முப்பத்து நாலு கிழங்கில் பதினாறைக் கோயிலுக்குக் கொடுத்தால் மிச்சம்? விடை: 90.

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொடுக்கக் கொடுக்க வளரும் கிழங்கை ஆண்டவன் நம் தோட்டத்தில்தான் முளைக்க வைத்திருக்கிறான்! வாத்தியார் சிரிக்கவில்லை. தாள் முழுக்க அப்படியே இருந்தது. கிழங்கு, தேங்காய், மீன், எதைத் தொட்டாலும் தப்பு.

இப்போது அப்பாவின் சோற்றுக்கு வருகிறேன். பெரிய தீவிலிருந்து தெலேசியா அத்தை வந்திருந்தாள். அப்பாவின் அக்கா. அவள் கேட்டு இந்த வீட்டில் எதையும் இல்லை என்று சொன்னதில்லை, சொல்லவும் கூடாது. சாப்பிட்டுக் கை கழுவியபடியே சொன்னாள்: "என் வீட்டுல பொட்டப் புள்ள இல்ல. இந்தச் சின்னவ அக்டோபர் தேர்வுலயும் தேறலன்னா, படிப்பு வராத புள்ள எதுக்குப் பள்ளிக்கூடத்துல? என்கூட அனுப்பிடு. பாய் முடையக் கத்துக்கட்டும்."

அப்பா தலையைக் குனிந்து, "சரிக்கா" என்றார். அவ்வளவுதான் மாமா. ஒரு வாளி தண்ணீர் கேட்டதுபோலக் கேட்டாள், கொடுத்துவிட்டார். அம்மா அடுப்புக்குப் பின்னால் போய் நின்றாள். லேசி எனக்குப் பக்கத்தில் படுத்திருந்தாள். தூங்குகிற மாதிரி நடித்தாள். எனக்குத் தெரியாதா நடிப்பு?

அக்டோபருக்குள் அவளைத் தேறவைக்க வேண்டும். வழி சொல்.

ஃபுசி


மோட்டுலோவா
20 ஜூன் 1991

மாமா,

உன் பதில் வரும் முன்பே எழுதுகிறேன். நலம் விசாரிப்பை நீயே போட்டுக்கொள்.

உன் புத்தகத்தைக் கிண்டல் செய்யத்தான் ஆரம்பித்தேன், ஒப்புக்கொள்கிறேன். கிழங்கு கிழங்கு என்று அலுத்துப்போய், பலகையில் 'இருபத்தேழு பன்றி, பதினெட்டுப் பன்றி, எல்லாவற்றுக்கும் இடுப்புப் பாய் கட்ட வேண்டும், எத்தனை பாய்?' என்று எழுதினேன். பிள்ளைகள் உருண்டார்கள். லேசியின் பலகையைப் பார்த்தேன்.

45.

அழித்துவிட்டுப் பன்றியைக் கிழங்காக்கினேன். அதே எண்கள். 221. தேங்காயாக்கினேன். 221. தொப்பியாக்கினேன். 45!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரோ என்னை வைத்து விளையாடுகிறார்கள் என்று சன்னலுக்கு வெளியேகூட எட்டிப் பார்த்தேன்.

சாயங்காலம் தோட்டத்தில் அப்பாவும் அவளும் கிழங்கை வண்டியிலிருந்து குடிசைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வலக்கையில் ஒன்று, இடக்கையில் ஒன்று. உள்ளே வைக்கும்போது லேசி சொல்லிக்கொண்டே வருகிறாள்: "ஒரு ஜோடி, ரெண்டு ஜோடி..." பத்து ஜோடி ஆனதும் "ஒரு தெக்காவு" என்று கத்தி ஒரு குச்சியை மண்ணில் குத்துகிறாள். நான் பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம். கிழங்கு, தேங்காய், மீன் இவற்றை மட்டும் எல்லோரும் அப்படித்தான் எண்ணுகிறோம். நீயும் அப்படித்தான் எண்ணினாய்.

"லேசி, இருநூத்து இருபத்தொண்ணுன்னு எழுதினியே, அது என்னடி?"

"இருநூறு இல்லக்கா. ரெண்டு தெக்காவு, ரெண்டு ஜோடி, மிச்சம் ஒண்ணு."

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். நீயும் உட்கார்ந்து எண்ணிப் பார். இரண்டு தெக்காவு நாற்பது. இரண்டு ஜோடி நாலு. ஒற்றை ஒன்று. நாற்பத்தைந்து! அந்தத் தொண்ணூறு தொண்ணூறே இல்லை மாமா. ஒன்பது ஜோடி, ஒற்றை எதுவும் இல்லை. பதினெட்டு. ஒன்றுக்கு ஒரு வீடு, பத்துக்கு ஒரு வீடு என்று நீ சொன்னாய் அல்லவா? இவள் யாரும் சொல்லாமலே தெக்காவுக்கு ஒரு வீடு, ஜோடிக்கு ஒரு வீடு, ஒற்றைக்கு ஒரு வீடு கட்டி அதில் சரியாகக் குடிவைத்திருக்கிறாள். ஒன்றுகூடத் தப்பில்லை. இரண்டு வருஷமாக ஒன்றுகூட.

"ஏண்டி இதை வாத்தியார்கிட்ட சொல்லல?"

"அவருக்குத் தெரியாதாக்கா? அவரும் கிழங்கு சாப்பிடுறவருதானே?"

"அப்ப மத்த பசங்க எப்படி நாப்பத்தஞ்சுன்னு எழுதினாங்க?"

"அவங்க கேள்வியைப் படிக்க மாட்டாங்கக்கா. நம்பரை மட்டும் பாப்பாங்க."

மாமா, படித்தவள் அவள் ஒருத்திதான். உன் கிழங்கை உண்மையாகவே கிழங்கு என்று நம்பியவள் அவள் ஒருத்திதான். உடனே எழுது.

ஃபுசி


மோட்டுலோவா
18 ஜூலை 1991

மாமாவுக்கு,

சுகம். நீ சுகமா என்று தெரியவில்லை. மூன்று கப்பல் வந்து போய்விட்டது. ஒவ்வொன்றுக்கும் துறைக்குப் போய் நின்றேன். மாவு மூட்டை வந்தது, மண்ணெண்ணெய் வந்தது, பாதிரியாரின் புது மிதிவண்டி வந்தது. கடிதம் வரவில்லை.

நான் எழுதியதற்குக் கோபமா? மீசை வரைந்ததற்கா? துடைத்துவிட்டேன். கொஞ்சம்தான் போகவில்லை.

ஃபுசி


தலைநகர்
11 ஆகஸ்ட் 1991

ஃபுசி,

ஆண்டவன் அருளால் இருக்கிறேன். வீட்டில் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உன் கடிதத்தை அலுவலகத்தில் நின்றபடி பிரித்தேன். படித்த பிறகு எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. காவலாளி வந்து விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்டார்.

மறுநாள் பழைய விடைத்தாள்கள் கிடக்கும் அறையின் சாவியை வாங்கினேன். எல்லாத் தீவுகளிலிருந்தும் மாதிரிக்கு வந்தவை, கட்டுக் கட்டாக. 221-ஐத் தேடினேன். எத்தனை இருந்தன என்று கேட்காதே. தோட்டமுள்ள தீவுகளின் கட்டுகளை அவிழ்க்க அவிழ்க்க வந்துகொண்டே இருந்தது. தலைநகரப் பள்ளிகளின் கட்டுகளில் ஒன்றுகூட இல்லை. கிழங்கைக் கடையில் பார்க்கும் பிள்ளைகள். ஒரு தாளின் ஓரத்தில் அந்தப் பிள்ளையைப் பற்றி என் கையெழுத்திலேயே ஒரு வரி இருந்தது. அதை உனக்கு எழுதமாட்டேன்.

நானும் அதே குடிசைக்குள் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டுதான் நடந்தேன். ஆப்பிள் இருந்திருந்தால் லேசி போன வருஷமே தேறியிருப்பாள்.

அக்டோபர் தேர்வுத் தாள் அச்சாகிக் கப்பல் ஏறிவிட்டது. முழுக்கக் கிழங்கு. இரண்டு விடையையும் சரியென்று எடுத்துக்கொள்ளும்படி மேலே கேட்டேன். "ஒரு கணக்குக்கு ஒரு விடைதான் மிஸ்டர்" என்றார்கள். அந்த வாக்கியம் புத்தகத்தின் முன்னுரையில் நான் எழுதியது.

என்னால் இனி ஆவது ஒன்றுமில்லை. உன்னால் ஏதாவது ஆகுமா?

சதேக்கி


மோட்டுலோவா
25 ஆகஸ்ட் 1991

மாமாவுக்கு,

அம்மா உனக்கு வாழை இலையில் சுட்ட மீன் அனுப்பியிருக்கிறாள். பாதியைக் கப்பல்காரன் தின்றிருப்பான். மீதியாவது தின்னு. உன் எழுத்து மெலிந்துபோயிருக்கிறது.

நேராக லேசியிடம் போனேன். "கிழங்கைக் கேட்டாலும் ஒத்தை ஒத்தையா எண்ணி எழுதுடி."

"கிழங்கை யாராவது ஒத்தையா எண்ணுவாங்களாக்கா? அசிங்கம்."

"தேர்வுக்கு மட்டும்."

"பொய் எழுத மாட்டேன்."

ஒரு வாரம் கெஞ்சினேன். மிரட்டினேன். என் ரேடியோவை (சரி, உன் ரேடியோவை) தருகிறேன் என்றேன். அத்தை வீட்டை நினைத்துப் பார் என்றதும் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, ஆனால் பேனா அசையவில்லை. அப்பாவின் பிடிவாதம், அப்படியே உரித்து வைத்திருக்கிறது.

பிறகுதான் மாமா, என் பிழைப்பே எனக்குக் கைகொடுத்தது. "சரி, எழுதாத. ஒரு விளையாட்டு விளையாடலாமா? தலைநகரத்து ஆளுங்களுக்குப் பன்னின்னு எழுத வெக்கம். அதனால எல்லாப் பன்னிக்கும் கிழங்கு வேஷம் போட்டு அனுப்பியிருக்காங்க. கிழங்குன்னா பன்னி. தேங்காய்ன்னா பன்னி. மீன்னாலும் பன்னிதான்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயோரம் லேசாகக் கோணியது.

"பன்னி மரத்துல காய்க்குமா?"

"தேர்வுல காய்க்கும்."

இருபத்தேழும் பதினெட்டும் கொடுத்தேன். நாற்பத்தைந்து.

உன் நாட்டின் கணக்குத் தேர்வை இப்போது ஒரு பன்றிக் கூட்டம் எழுதப்போகிறது. வாழ்த்து அனுப்பு.

ஃபுசி


மோட்டுலோவா
30 அக்டோபர் 1991

மாமா,

எல்லோரும் இருக்கிறோம். சுகம் என்று எழுத வரவில்லை.

லேசி தேறினாள். தேறியது மட்டுமா, இந்தத் தீவில் முதல்! கிட்டியோனே வாத்தியார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் சூத்திரம் ஏதும் இருக்கிறதா என்று. அம்மா கோழி அடித்தாள். அப்பா மூன்று முறை சோறு கேட்டார்.

அத்தை ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அப்பா நிமிராமல் சொன்னார்: "அக்கா, புள்ள தேறிட்டா. முதல் மார்க்கு."

அத்தை சிரித்தாள். எவ்வளவு அழகாகச் சிரித்தாள் தெரியுமா? "அப்படியா! மக்கா இருந்தாலும் கூட்டிட்டுப் போலாம்னுதான் நெனச்சேன். கெட்டிக்காரியா? அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. எங்க ஊர்ப் பள்ளிக்கூடம் இதைவிடப் பெருசு. துணியை எடுத்து வைங்க."

கோழிக் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். அம்மா என் முழங்கையைப் பிடித்த பிடியில் இன்னும் தழும்பு இருக்கிறது. அப்பா, "சரிக்கா" என்றார்.

தேறினால் விட்டுவிடுவாள் என்று யார் சொன்னது? அவள் சொல்லவே இல்லை மாமா. நாமாக அப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டோம்.

திங்கள் கப்பலில் போய்விட்டாள். ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு வேடிக்கை எதுவும் தோன்றவில்லை. தோன்றினால் எழுதுகிறேன்.

ஃபுசி


தலைநகர்
17 நவம்பர் 1991

அன்பு மருமகளே,

உடல்நலம் கவனித்துக்கொள். அம்மாவை அழவிடாதே.

அத்தையின் சொல்லுக்கு மேல் என் சொல் ஏறாது. அவள் உங்கள் தலைக்கு மேல், நான் உங்கள் காலுக்குக் கீழ். வழக்கம் உனக்கு ரேடியோவைக் கொடுத்தது, இப்போது லேசியை எடுத்துக்கொண்டது. அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

டிசம்பரிலிருந்து இந்த அலுவலக முகவரிக்கு எழுதாதே. என் மேசை வேறொருவருக்குப் போகிறது. தெற்குத் தீவுகளுக்குச் செல்லும் கப்பலில் கொடுத்தால் எங்கேயாவது என்னிடம் வந்து சேரும். சில பிள்ளைகளின் வீடுகளைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. உன் அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே. முட்டியைப் பற்றிக் கேட்பாள்.

சதேக்கி


மோட்டுலோவா
15 டிசம்பர் 1991

கப்பலில் எங்கோ இருக்கும் மாமாவுக்கு,

ஆண்டவனுக்கு நன்றி, நன்றி, மூன்றாவது நன்றியும். நீ நின்றுகொண்டிருந்தால் எதையாவது பிடித்துக்கொள்.

போன வாரம் பெரிய தீவில், நம் நிலத்துக்கெல்லாம் உடையவரான பிரபுவுக்குக் கிழங்குப் படையல். நாங்களும் எங்கள் பங்கைப் படகில் ஏற்றிக்கொண்டு போனோம். ஊரே புதுப் பாய் கட்டி உட்கார்ந்திருந்தது. பிரபு பந்தலில். அவருக்குப் பதிலாகப் பேசும் பேச்சாளர் கிழவர் கையில் விசிறியோடு நின்று, ஒவ்வொரு குடும்பத்தின் குவியலையும் தெக்காவு தெக்காவாகச் சொல்லி ஏற்றுக்கொள்கிறார். அத்தையின் குவியல்தான் எல்லாவற்றிலும் பெரிது. பக்கத்தில் லேசி, எண்ணெய் தேய்த்து, பூ வைத்து, பொம்மைபோல.

அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. "என் புள்ள கணக்குல முதல் மார்க்கு. என் குவியலை அவளே எண்ணிச் சொல்லட்டும்."

கிழவர் வியந்து தலையசைத்தார். லேசி முன்னால் போனாள். எங்கள் பக்கம் பார்க்கவில்லை. விரலை நீட்டினாள். கணீரென்று ஆரம்பித்தாள்:

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு."

மாமா! பிரபுவின் கிழங்கை! ஒத்தை ஒத்தையாக!

விசிறி நின்றுவிட்டது. பெண்கள் கையால் வாயைப் பொத்தினார்கள். "அஞ்சு. ஆறு. ஏழு." அத்தையின் முகம் வெந்த நண்டாகிவிட்டது. "லேசி! ஏய்! ஜோடி, ஜோடி!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறாள். லேசி பணிவாகத் திரும்பி, ஊருக்கே கேட்கும்படி, "இப்படி எண்ணினாத்தான் அத்தை, முதல் மார்க்கு" என்றாள். பிறகு, "எட்டு. ஒம்பது."

பேச்சாளர் கிழவர்தான் வாயைத் திறந்தார். "என்னம்மா இது, பிரபுவுக்குக் கிழங்கு கொண்டுவந்தீங்களா, பன்னி ஓட்டிட்டு வந்தீங்களா?"

பந்தலுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. பிரபுவே சிரித்தாராம். அதன் பிறகு ஊர் சிரித்த சிரிப்பில் அத்தை எங்கே போனாள் என்று தெரியவில்லை.

படகு கிளம்பும் நேரத்தில் வந்தாள். கையில் லேசியின் மூட்டை. அப்பா முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "பள்ளிக்கூடம் கெடுத்த புள்ள. பள்ளிக்கூடத்துலயே கிடக்கட்டும். எனக்கு வேணாம்."

அப்பா தலையைக் குனிந்து, "சரிக்கா" என்றார். வாழ்நாளில் இவ்வளவு வேகமாக அவர் அதைச் சொன்னதில்லை.

வழியெல்லாம் எனக்கு ஒரே பயம். நான்தான் அவளைக் கெடுத்துவிட்டேனோ? கிழங்குக்கும் பன்றிக்கும் வித்தியாசம் மறந்துபோகும்படி மூளையைக் குழப்பிவிட்டேனோ? அம்மாவும் அதையேதான் நினைத்தாள், என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்தது. லேசி படகு ஓரத்தில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். இந்த முறை உண்மைத் தூக்கம்.

இன்று காலை தோட்டத்துப் பக்கம் போனேன். குடிசைக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஆறு ஜோடி, ஏழு ஜோடி..." ஒரு தடுமாற்றமில்லை. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறாள்.

என் கையிலிருந்த ஈரப்பலாக்காய் நழுவிக் கால்மேல் விழுந்தது. வலிகூடத் தெரியவில்லை. பன்றிக்குத் தொப்பி மாட்டியவள் நான். ஊரே என்னைப் பார்த்துத்தான் பயந்துகொண்டிருக்கிறது.

"அடிப்பாவி! வேணும்னேதானே செஞ்ச?"

என்னைக் கடந்து உள்ளே போய், குனிந்து, இரண்டையும் அடுக்கி வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"எண்ணும்போது பேசாதக்கா," என்றாள். "எட்டு ஜோடி."

இன்னும் வாயை மூடாமல் இருக்கும்,
ஃபுசி